அரசிக்கு எதிரே நின்று பேசுகிறவர்களைக் கேளுங்கள்

பர்மாவின் பெகு நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் 24 வயதுத் தங்கை ஒருவர் கேட்டிருப்பது இது. இங்கிலாந்து அரசிகளைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களை இரவில் கைபேசியில் பர்மிய வசன வரிகளோடு பார்ப்பது அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்திருந்தும் வாய் திறந்து பேச வரவில்லை. சிங்கப்பூரில் வேலைக்கு முயலப் போவதால், இந்தத் தொடர்களைக் கொண்டே ஆங்கிலத்தைத் தேற்றிக்கொள்ள முடியுமா, எதிலிருந்து தொடங்கலாம், அவற்றில் வருவதெல்லாம் உண்மையா, எல்லாம் வீண் பொழுது என்று அம்மா சொல்வது சரியா என்பவை அவருடைய கேள்விகள். யாங்கோனில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் நான். இந்தத் தொடர்களை விரும்பிப் பார்ப்பவளும்கூட. ஆகையால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முடியும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டால்தான் முடியும். இத்தகைய தொடர்களைப் பார்க்கும் பெரும்பாலோருடைய காது அரசியின் பேச்சில்தான் நிற்கிறது. படைவீரர்கள் முன் அவர் ஆற்றும் உரையும், முடிசூட்டு விழாவில் எடுக்கும் உறுதிமொழியும், கோபத்தில் சொல்லும் ஒற்றை வாக்கியமும் மனத்தில் பதிந்துவிடுகின்றன. அவை கேட்க அழகானவை. ஆனால் உங்களுக்கோ எனக்கோ அப்படிப் பேசும் தேவை வாழ்க்கையில் ஒருநாளும் வரப் போவதில்லை. நமக்கு வேண்டிய ஆங்கிலம் அரசிக்கு எதிரே நிற்பவர்களிடம் இருக்கிறது. அவருடைய அந்தரங்கச் செயலர், பிரதம மந்திரி, உடை உடுத்திவிடும் பணிப்பெண், சமையற்கட்டு மேற்பார்வையாளர் ஆகிய அனைவரும் தங்களைவிட உயர்ந்த ஒருவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும், ஒன்றை மறுக்க வேண்டும், கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும், அவர் சொன்னது தவறு என்று மரியாதை குறையாமல் உணர்த்த வேண்டும். அலுவலகத்தில் மேலாளர் முன் நிற்கும் பெண்ணுக்கும் இவையே அன்றாட வேலைகள். துப்பறியும் தொடர்களிலும் காதல் தொடர்களிலும் இத்தகைய பேச்சு எப்போதாவது வரும். அரண்மனைத் தொடர்களில் ஏறக்குறைய ஒவ்வொரு காட்சியிலும் வரும்.

இது நமக்கு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பர்மிய மொழியில் வினைச்சொல்லின் பின் ‘பா’ என்று ஓர் ஒட்டைச் சேர்த்தால் மரியாதை வந்துவிடுகிறது. தமிழில் ‘ங்க’ சேர்த்தால் போதும். இரண்டு மொழிகளிலும் வாக்கியத்தின் உடல் மாறாமல் வால் மட்டும் மாறுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு வால் கிடையாது. அங்கே மரியாதை வாக்கியத்தின் கட்டுமானத்திலேயே இருக்கிறது: நேரடியாகக் கேட்பதைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள், நிகழ்காலத்தில் சொல்ல வேண்டியதை இறந்தகாலத்தில் சொல்வார்கள், கட்டளையைக் கேள்வியாக்குவார்கள். நம் பிள்ளைகள் மனத்திற்குள் ‘பா’வையும் ‘ங்க’வையும் வைத்துக்கொண்டு “கிவ் மி ஒன் டே லீவ்” என்கிறார்கள், அவர்கள் பணிவாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் கேட்பவருக்கு அது அதட்டலாகப் போய்ச் சேருகிறது. அதே வேண்டுகோளை ஆங்கிலேயர் “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட் டேக் டுமாரோ ஆஃப்” என்று கேட்பார். அதில் ‘வாஸ்’ என்பது நேற்றைக் குறிக்கவில்லை, ‘குட்’ என்பது முன்னொரு காலத்து ஆற்றலைக் குறிக்கவில்லை. இரண்டும் தயக்கத்தைக் காட்ட வந்தவை. இலக்கணப் புத்தகத்தில் இதைப் பத்து முறை படித்தாலும் மனத்தில் தங்குவதில்லை. ஒருவர் தலையைச் சற்றே சாய்த்து, அரசியின் முகத்தைப் பார்த்தபடி சொல்வதைக் கேட்கும்போது தங்கிவிடுகிறது.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். நெட்ஃப்ளிக்ஸில் 2016 முதல் 2023 வரை வந்த ‘த கிரவுன்’ தொடர் இரண்டாம் எலிசபெத்தைப் பற்றியது. அதன் முதல் பருவத்தின் ஏழாம் பகுதியில், ஓய்வு பெறப் போகும் அந்தரங்கச் செயலர் டாமி லாசெல்ஸின் இடத்துக்குத் தமக்குப் பிடித்த மார்ட்டின் சார்ட்டரிஸை நியமிக்க இளம் அரசி விரும்புகிறார். முறைப்படி அடுத்த நிலையில் இருப்பவரோ மைக்கேல் அடீன். லாசெல்ஸ் ஓர் இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. அரசியின் விருப்பத்தை ஏற்பது போலவே தொடங்கி, வழக்கத்தையும் அதன் பின்விளைவையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இறுதியில் தாம் நினைத்ததை நடத்திக்கொள்கிறார். வரலாற்றிலும் 1953இல் அடீனே அப்பதவிக்கு வந்தார். சார்ட்டரிஸ் 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே பகுதியில் இன்னொரு காட்சி உண்டு. 1953 கோடையில் பிரதமர் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்ததைத் தம்மிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்று அறிந்த அரசி, வயதில் தாத்தாவைப் போன்ற மனிதரை அழைத்து, ஒரு கடுஞ்சொல்லும் இல்லாமல் கண்டிக்கிறார். இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்றில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை மறுக்கிறார். மற்றொன்றில் மேலே இருப்பவர் தம்மைவிட மூத்தவரைக் கண்டிக்கிறார். இரண்டையும் ஆங்கிலத்தில் செய்யக் கற்றுக்கொண்டவருக்கு அலுவலக ஆங்கிலத்தில் கடினமான பகுதி முடிந்துவிட்டது.

இப்படிப்பட்ட காட்சிகளில் திரும்பத் திரும்ப வரும் சில தொடக்கங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். “ஐ’ம் அஃப்ரெய்ட்” என்று ஒருவர் தொடங்கினால் அவர் எதற்கும் அஞ்சவில்லை. கேட்பவருக்குப் பிடிக்காத ஒன்று வரப் போகிறது என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறார். “மைட் ஐ சஜெஸ்ட்” என்றால் ஒரு யோசனை வருகிறது. அதை மறுத்தாலும் அவர் வருந்த மாட்டார் என்ற இடம் அதில் இருக்கிறது. “வித் ரெஸ்பெக்ட்” என்றால் நேர் மறுப்பு வருகிறது என்று பொருள். சர்ச்சில் வாயில் அது பொருந்தும், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நீங்கள் மேலாளரிடம் சொன்னால் பொருந்தாது. ஆகவே ஒரு சொற்றொடரைக் குறித்துக்கொள்ளும்போது யார் யாரிடம் எந்த மனநிலையில் சொன்னார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாத குறிப்பு அகராதியைப் பார்த்து எழுதியதற்குச் சமம்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ‘த கிரவுன்’ தொடரைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, பிரிட்டனின் ஐடிவி 2016 முதல் 2019 வரை மூன்று பருவங்களாக ஒளிபரப்பிய ‘விக்டோரியா’விலிருந்து தொடங்கச் சொல்வேன். ஜென்னா கோல்மன் அரசியாக நடித்தது. 1837 ஜூன் 20ஆம் நாள், 18 வயதில் விக்டோரியா அரியணைக்கு உரியவரான விடியற்காலையில் தொடங்கி, 1851ஆம் ஆண்டின் பெரும் பொருட்காட்சி வரை கதை செல்கிறது. பேச்சு தெளிவாகவும் நிதானமாகவும் இருக்கிறது. மாடியில் அரச குடும்பத்தின் ஆங்கிலமும், கீழே சமையற்கட்டில் பணியாளர்களின் ஆங்கிலமும் மாறி மாறி வருவதால், ஒரே செய்தி இரண்டு தளங்களில் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை ஒரே பகுதியில் கேட்டுவிடலாம். ஆல்பர்ட் இளவரசரின் தாய்மொழி ஜெர்மன். எனவே ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பேசும் ஒருவரின் பேச்சும் உடன் கிடைக்கிறது. நமக்கு அது பெரிய ஆறுதல்.

இந்தத் தொடருக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு வசதியும் உண்டு. விக்டோரியா 13 வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் நாட்குறிப்பு எழுதியவர். அவருடைய இளமைக்கால நாட்குறிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் 1912இல் இரண்டு தொகுதிகளாக அச்சாயின. பழைய நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். முதல் பகுதியில் அந்த விடியற்காலைக் காட்சியைப் பார்த்துவிட்டு, அதே நாளின் குறிப்பைப் படியுங்கள். ஆறு மணிக்கு அம்மா எழுப்பினார். கான்டர்பரி பேராயரும் கானிங்ஹாம் பிரபுவும் வந்து தம்மைக் காண விரும்புவதாகச் சொன்னார். படுக்கையிலிருந்து எழுந்து, இரவு அங்கியோடு மட்டும், தனியாகவே முன்னறைக்குச் சென்று அவர்களைப் பார்த்தார். குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. உலகப் பேரரசு ஒன்று கைக்கு வந்த நாளை அந்தப் பெண், நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் இறந்தகால வினைகளில் எழுதியிருக்கிறார். காட்சியைக் கண்ணால் கண்டபின் படிப்பதால் ஓரிரு சொல்லைத் தவிர அகராதி தேவைப்படாது. படித்து முடித்ததும், நீங்கள் காலையில் எழுந்து கடைக்குப் போனதை அதே நடையில் நான்கைந்து வரி எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எளிமையாக எழுதுவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் என் மாணவர்களுக்குக் காட்டியதில்லை.

அதன் பிறகு ‘த கிரவுன்’ பார்க்கலாம். அங்கே ஒரு எச்சரிக்கை: முதல் பருவங்களில் அரசியாக நடிக்கும் கிளேர் ஃபாய் பேசும் 1950களின் அரச உச்சரிப்பைப் பின்பற்ற முயல வேண்டாம். அதில் ‘பேக்’ என்பது ‘பெக்’ என்பதை நெருங்கி ஒலிக்கும். இன்றைய இங்கிலாந்தில் அப்படிப் பேசுகிறவர்கள் அரிது. அரசியே அதை விட்டு நகர்ந்துவிட்டார். அவருடைய கிறிஸ்துமஸ் உரைகளின் ஒலிப்பதிவுகளை 1950களிலிருந்து 1980கள் வரை எடுத்து அளந்து பார்த்த ஆஸ்திரேலிய ஒலியியல் அறிஞர்கள், அவருடைய உயிரொலிகள் சாதாரண தென்னிங்கிலாந்து மக்களின் ஒலிகளை நோக்கி நகர்ந்திருப்பதாக 2000ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அந்த உரைகளே நல்ல பாடங்கள். 1957ஆம் ஆண்டு உரைதான் முதன்முதலில் தொலைக்காட்சியில் வந்தது. அதைக் கேட்டுவிட்டு அவருடைய கடைசி ஆண்டுகளின் உரை ஒன்றையும் கேட்டால், ஒரே பெண்ணின் வாயில் ஒரு மொழி எப்படி மாறியது என்பது உங்கள் காதுக்கே தெரியும். உரைகள் சிறியவை, நிதானமானவை, எழுத்து வடிவமும் எளிதில் கிடைக்கும்.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சத்தின் காலத் தொடர்களைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிபிசி 1971இல் தயாரித்த ‘எலிசபெத் ஆர்’ ஆறு நீண்ட பகுதிகளைக் கொண்டது. முதலாம் எலிசபெத்தாக நடிக்கும் கிளெண்டா ஜாக்சனின் உச்சரிப்பு மேடை நாடகம் போலத் துல்லியமானது, ஆகவே படம் பழையதாக இருந்தாலும் காதுக்கு எளிது. ‘உல்ஃப் ஹால்’ மிக உயர்ந்த படைப்பு. ஆனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பாதி சொல்லிப் பாதி விடுவதால், ஒரு வருடம் கழித்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து அரசி மேரியைப் பற்றிய ‘ரெய்ன்’ இளைஞர்களுக்கானது, ஆங்கிலம் இக்காலத்தது, எளிது, வரலாற்றை மட்டும் அதிலிருந்து எடுக்க வேண்டாம். ‘த டியூடர்ஸ்’, ரஷ்ய அரசி காதரீனைப் பற்றிய ‘த கிரேட்’ போன்றவற்றில் படுக்கையறைக் காட்சிகளும் வசைச் சொற்களும் நிறைய. வீட்டில் தம்பி தங்கைகள் பக்கத்தில் இருக்கும்போது உகந்தவை அல்ல.

பார்க்கும் முறைக்கு வருவோம். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கும் இடம் இதுதான். பர்மிய எழுத்தைப் படித்துக்கொண்டு பார்க்கும்போது கண் முழுப் பொருளையும் வாங்கிவிடுகிறது. காதுக்கு வேலையே இல்லை. ஓய்வுக்காக அப்படிப் பார்ப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை, நாள் முழுதும் கடையில் நின்றுவிட்டு வருபவருக்கு ஓய்வு வேண்டும். ஆனால் அதைப் படிப்பு என்று கணக்கில் எழுதக் கூடாது. ஒரு பகுதியை முதலில் பர்மிய வரிகளோடு ரசித்துப் பார்த்துவிடுங்கள். கதை தெரிந்துவிட்டது, ஆவல் அடங்கிவிட்டது. மறுநாள் அதில் இருவர் மட்டும் பேசும் ஒரு காட்சியை, மூன்று நிமிடத்துக்கு மேல் போகாததாக எடுத்து, எழுத்தே இல்லாமல் கேளுங்கள். பின் ஆங்கில வரிகளோடு கேளுங்கள்; காது தவறவிட்டது எது என்று அப்போது தெரியும். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, நடிகரின் ஏற்ற இறக்கத்தோடு உரக்கச் சொல்லி, கைபேசியிலேயே பதிந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். மின்சாரமும் இணைய இணைப்பும் ஒருசேர நன்றாக இருக்கும் நேரம் நமக்கு எப்போது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. ‘மீ லா பீ’ (மின்சாரம் வந்துவிட்டது) என்று தெருப்பிள்ளைகள் கத்தும் நேரத்தில் ஒரு பகுதியைப் பதிவிறக்கி வைத்துவிட்டால், வாரம் முழுவதற்கும் அந்த ஒன்றே போதும். நிறையப் பார்க்க முடியாத நிலை இந்தப் பயிற்சிக்குத் தடையே அல்ல.

உரக்கச் சொல்லும்போது பர்மாத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒலிகள் சில உண்டு. ‘தேங்க்’, ‘த்ரோன்’ போன்ற சொற்களின் முதல் ஒலி இந்தியத் தமிழர்களுக்குக் கடினம். நமக்கு அது பர்மிய மொழியிலேயே இருக்கிறது. மூன்று என்பதைப் பர்மியத்தில் சொல்லும்போது நாக்கு எங்கே நிற்கிறதோ அதே இடத்தில் வைத்தால் ‘த்ரோன்’ சரியாக வரும். சிக்கல் சொல்லின் கடைசியில்தான் வருகிறது. பர்மியத்தில் சொல்லின் இறுதி மெய் தொண்டையிலேயே அடைபட்டு நின்றுவிடும். தமிழிலோ வல்லின மெய்யில் சொல் முடிவதில்லை, ஆகவே ஓர் ‘உ’வைச் சேர்த்துவிடுகிறோம். இரண்டு பழக்கமும் கொண்ட நம் பிள்ளைகள் ‘ஆஸ்க்ட்’ என்பதை ஒருநாள் ‘ஆ’ என்று விழுங்குகிறார்கள், மறுநாள் ‘ஆஸ்குடு’ என்று நீட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் காலமும் பன்மையும் அந்தக் கடைசி மெய்யில்தான் இருக்கின்றன. லாசெல்ஸ் போன்ற பாத்திரங்கள் சொல்லின் இறுதியை நறுக்கென்று முடிப்பவர்கள். அந்த முடிவை மட்டும் குறிவைத்துப் பழகுங்கள். இன்னொன்று: அரசியை முதல்முறை ‘யுவர் மெஜஸ்டி’ என்றும், அதன்பின் ‘மேம்’ என்றும் அழைப்பார்கள், அந்த ‘மேம்’ குறுகி ஒலிக்கும், நம் பள்ளியில் நீட்டுவது போல அல்ல.

அவற்றில் வருவதெல்லாம் உண்மையா என்றால், ஆண்டுகளும் பெரு நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் உண்மை. தனியறையில் பேசிய பேச்சு எழுத்தாளருடையது. ‘விக்டோரியா’வில் பிரதமர் மெல்பர்ன் பிரபுவின் மீது அரசிக்கு வரும் காதல் மிகைப்படுத்தப்பட்டது, உண்மை மெல்பர்னுக்கு அப்போது 58 வயது. ஸ்காட்லாந்தின் மேரியும் முதலாம் எலிசபெத்தும் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. நாடகங்களில் சந்திக்க வைத்துவிடுகிறார்கள். ‘த கிரவுன்’ முதல் பருவத்தில் லண்டன் புகைமூட்டத்தின்போது வரும் சர்ச்சிலின் இளம் செயலாளர் கற்பனைப் பாத்திரம். ஆங்கிலம் கற்பவருக்கு இதிலும் ஒரு வேலை இருக்கிறது: ஒரு பகுதியைப் பார்த்தபின் அந்த நிகழ்ச்சியைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் படித்து, எது மாறியிருக்கிறது என்று தேடுங்கள். சண்டைக்காரரைப் போலக் குற்றம் தேடிப் படிக்கும்போது ஒரு சொல்லும் கண்ணிலிருந்து தப்பாது.

வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்க்கும் அரசிகளில் பலர் உங்களைப் போல ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்றவர்கள். அரகோனின் காதரீன் 1501இல் ஸ்பெயினிலிருந்து வந்தபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கிளீவ்ஸின் ஆன் ஜெர்மானிய மொழி ஒன்று மட்டும் அறிந்தவராக 1539இன் இறுதியில் எட்டாம் ஹென்றியை மணக்க வந்தார். 1761இல் 17 வயதில் வந்த ஷார்லட் அரசியும் அப்படியே. பிரெஞ்சிலும் ஸ்காட்ஸ் மொழியிலும் வளர்ந்த மேரி, எலிசபெத்தின் காவலில் இருந்த 1568இல் தம் காவலராக இருந்த பிரான்சிஸ் நோலிஸுக்கு ஆங்கிலத்தில் எழுதிய முதல் கடிதத்தில், இதற்கு முன் பழகாததால் எழுத்து மோசமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த வரியிலேயே எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. அப்போது அவருக்கு 25 வயது. விக்டோரியாவோ 1887இல், 68 வயதில், தம் இந்தியப் பணியாளர் அப்துல் கரீமிடம் இந்துஸ்தானி கற்கத் தொடங்கினார்.

பேச்சு வருவதற்குத் தொடர் பார்ப்பது மட்டும் போதாது; நீங்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். அதற்கு இங்கிலாந்து அரசிகளை எடுக்காதீர்கள், நம் ஊர் அரசிகளை எடுங்கள். உங்கள் பெகுவைத் தலைநகராகக் கொண்டு 1454 முதல் 1471 வரை ஆண்ட ஷின் சோபு, தம் எடைக்கு எடை பொன்னை ஷ்வேடகோன் புத்தக் கோயிலுக்குக் கொடுத்தவர் என்பது பர்மியப் பாடப்புத்தகம் படித்த உங்களுக்குத் தெரிந்ததே. தீபோ மன்னரின் அரசி சுபயாலத்தின் கதையும் தெரியும்: 1885 நவம்பரில் மாண்டலே வீழ்ந்தது, மன்னரும் அரசியும் கப்பலில் சென்னைக்கும் பின் ரத்னகிரிக்கும் கொண்டுபோகப்பட்டார்கள், மன்னர் 1916இல் அங்கேயே இறந்தார், அரசி 1919இல் ரங்கூனுக்குத் திரும்பி 1925இல் காலமானார். கதை கைவசம் இருப்பதால் மூளை ஆங்கிலத்தை மட்டும் தேடினால் போதும். இந்த இரண்டில் ஒன்றை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகி, கடையில் கூட வேலை செய்பவரோ கோயிலில் சந்திக்கும் தோழியோ யாராவது ஒருவரிடம் சொல்லி, அவரை ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மாண்டலேயில் ஏன் எதிர்த்துப் போரிடவில்லை, அரசி நடந்துகொண்டது சரியா என்று அவர் கேட்கும்போது, லாசெல்ஸிடம் கேட்டுப் பழகிய தொடக்கங்கள் தாமாக உங்கள் வாயில் வரத் தொடங்கும். அந்த நிலை வந்தபிறகு சிங்கப்பூர் நேர்முகத் தேர்வுக்கான வகுப்பில் சேருங்கள். அதற்கு முன் அங்கே பணம் கட்ட வேண்டாம்.